பூங்காவில் ப்ரொபோஸல், புதருக்குப் பின்னால் கேமரா... இதில் எது சர்ப்ரைஸா இருக்கணும்?

2021 அக்டோபர் 7. துபாய் மைதானத்தில் நடந்த ஐ.பி.எல் போட்டியில் பஞ்சாப் அணியிடம் சி.எஸ்.கே ஆறு விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ஆனா அந்த மேட்ச்னு சொன்னா, பலருக்கும் ஸ்கோர் ஞாபகம் வராது. மேட்ச் முடிந்ததும் மஞ்சள் ஜெர்சியோடு கேலரிக்குப் போய், ஜெயா பரத்வாஜ் முன்னால் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டிய தீபக் சஹர்தான் ஞாபகத்துக்கு வருவார். அவரும் சம்மதம் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் கைதட்ட, அந்த வீடியோ அன்றிரவே எல்லா போனுக்கும் வந்து சேர்ந்தது. அடுத்த வருஷம் ஜூன் 1-ம் தேதி கல்யாணமும் நடந்தது.

அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 2016 ரியோ ஒலிம்பிக்ஸ். சீன டைவிங் வீராங்கனை ஹி ஸி வெள்ளிப் பதக்கம் வாங்கி மேடையிலிருந்து இறங்குகிறார். அவருடைய காதலர் ச்சின் காய், அவரும் டைவிங் வீரர்தான், அங்கேயே மண்டியிட்டு மோதிரத்தை எடுத்தார். ஹி ஸியும் சம்மதித்தார். ஆனா இந்த முறை உலகம் முழுக்க இரண்டு குரல்கள் கேட்டன. 'ஆஹா, எவ்வளவு அழகு' என்றது ஒன்று. 'அவள் பதக்கம் வாங்கின நேரத்தை இவர் எடுத்துக்கிட்டாரே, இத்தனை கேமரா முன்னாடி அவளால வேற என்ன பதில் சொல்லியிருக்க முடியும்' என்றது இன்னொன்று.

இந்த இரண்டு குரல்களையும் மனசுல வெச்சுக்கோங்க. ஸ்டேடியத்தில் நடந்த அந்தக் காட்சி இப்போ நம்ம ஊர்ப் பூங்காவுக்கு வந்துவிட்டது.

சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு பெரிய பூங்காவுக்குப் போய்ப் பாருங்க. வாக்கிங் போகும் பெரியவர்கள், ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கும் குழந்தைகள், இவர்களுக்கு நடுவே லென்ஸும் ரிஃப்ளெக்டருமாக ஒரு டீம். ப்ரீ-வெட்டிங் ஷூட் எல்லாருக்கும் பழகிவிட்டது. அதே போட்டோகிராபர்களிடம் இப்போ 'சர்ப்ரைஸ் ப்ரொபோஸல்' பேக்கேஜும் கேட்டு வாங்கலாம். இருவரில் ஒருவருக்குத் தெரியாமல் இடம் பார்த்து, செடிக்குப் பின்னால் கேமராவை ஒளித்து, நண்பர்களை மரத்தடியில் நிறுத்தி, சரியான நொடியில் 'க்ளிக்' செய்வது. இதில் என்ன தப்பு? தப்பு எதுவும் இல்லை. நன்றாக நடந்தால் வாழ்நாள் முழுக்க எடுத்து எடுத்துப் பார்க்கிற படம் அது. ஆனா நன்றாக நடக்க, லென்ஸையும் லைட்டையும் தாண்டிக் கொஞ்சம் யோசிக்கணும்.

பஜ்ஜி, சொஜ்ஜி, மோதிரம்

இந்த மண்டியிடுகிற பழக்கம் மேற்கிலிருந்து வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனா 'பலர் பார்க்க ஒரு பெண்ணிடம் கல்யாண சம்மதம் கேட்பது' நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. பெண் பார்க்கும் படலத்தை நினைச்சுப் பாருங்க. கூடம் நிறைய சொந்தக்காரர்கள். காபி டம்ளரோடு வந்து நிற்கும் பெண். பஜ்ஜி, சொஜ்ஜி தட்டுக்கு மேலே இருபது ஜோடிக் கண்கள். 'உனக்குப் பிடிச்சிருக்காம்மா?' என்று யாராவது கேட்டால், தலையைக் குனிந்தபடி ஒரு சின்ன அசைவு. அந்த அசைவுக்கு என்ன அர்த்தம் என்பதைப் பெரியவர்களே முடிவு செய்துகொள்வார்கள். அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு 'இல்லை' என்று சொல்ல எத்தனை பெண்களால் முடிந்திருக்கும்?

நம்ம தலைமுறை அந்தக் கூடத்தைக் கேலி செய்தது. அது நியாயமான கேலிதான். அதே நாம், கூடத்துக்குப் பதிலாகப் பூங்கா, சொந்தக்காரர்களுக்குப் பதிலாக நண்பர்கள், இருபது கண்களுக்குப் பதிலாக இருபது செல்போன்கள் என்று மாற்றிவிட்டு, அதைக் காதலின் சுதந்திரம் என்று சொன்னால் எப்படி? கேட்கப்படுகிறவருக்கு நிலைமை அதேதான். பதில் சொல்ல அவருக்குக் கிடைப்பது மூன்று நொடி. சுற்றிலும் எதிர்பார்ப்பு. 'சரி' என்றால் கைதட்டல். 'யோசிக்கணும்' என்றால், எதிரே மண்டியிட்டிருப்பவருக்கு ஊர் முன்னால் அவமானம்.

அந்த அவமானத்துக்கு நம்ம ஊரில் ஒரு பயங்கரமான நிழலும் உண்டு. 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். தள்ளிய இளைஞருக்கு 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பூங்காவில் மோதிரத்தோடு நிற்கும் ஒருவரை இதோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். அவர் வேறு, இவர் வேறு. ஆனா இந்த ஊரில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, பலர் முன்னால் ஓர் ஆணிடம் 'வேண்டாம்' சொல்வது என்றாலே உள்ளுக்குள் ஓர் எச்சரிக்கை மணி அடிக்கும். அந்த மணி அவள் காதலனுக்குக் கேட்காது. பழக்கத்தில் அவளுக்கே கேட்காமல் இருக்கலாம். ஆனா அது அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் திட்டமிடும் முன் ஒரு விதி. இடம் சர்ப்ரைஸா இருக்கலாம். நாள், நேரம், மோதிரம், ஒளிந்திருக்கும் தங்கச்சி என எல்லாமே சர்ப்ரைஸா இருக்கலாம். கேள்வி மட்டும் சர்ப்ரைஸா இருக்கக் கூடாது. 'நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?' என்பதை நீங்க இருவரும் தனியாக, கேமரா இல்லாமல், ஒருமுறைக்குப் பலமுறை பேசியிருக்கணும். குழந்தை, வேலை, அப்பா-அம்மா யாரோடு இருப்பார்கள், எந்த ஊர், வீட்டில் எப்போது சொல்வது... இதெல்லாம் பேசிய பிறகு வருகிற மோதிரம், ஏற்கெனவே எடுத்த முடிவைக் கொண்டாட வருகிறது. இதெல்லாம் பேசாமல் வருகிற மோதிரம், முடிவு எடுக்கச் சொல்லி நெருக்குகிறது. இரண்டு படமும் ஆல்பத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்.

இன்னொரு சின்ன விஷயம். உங்க ஆளுக்குக் கூட்டம் பிடிக்குமா? பிறந்தநாளுக்கு ஹோட்டலில் எல்லாரும் பாடினால் சிரிப்பவரா, மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று நினைப்பவரா? இரண்டாவது ரகம் என்றால் பூங்காவை விட்டுவிடுங்க. மொட்டை மாடியே போதும்.

ஏன் பூங்கா?

சென்னையில் கடற்கரையை விட்டுட்டு ஏன் பூங்கா என்று கேட்கலாம். முதல் காரணம் சூரியன். மெரினா கிழக்கு பார்த்த கடற்கரை. சூரியன் கடலில் உதிக்கும், சாயங்காலம் ஊருக்குப் பின்னால் போய் மறையும். சினிமாவில் பார்க்கிற மாதிரி கடலுக்கு மேலே சூரிய அஸ்தமனம் வேண்டும் என்றால் இங்கே கிடைக்காது. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கணும். காதலியை அந்த நேரத்துக்கு எழுப்பி, காரணமும் சொல்லாமல் கூட்டிப்போவது தனி சாகசம். இரண்டாவது காரணம் கூட்டம். மூன்றாவது, பூங்காவில் மரம், பெஞ்ச், வளைந்த பாதை என்று கேமராவை ஒளித்துவைக்க இடம் இருக்கிறது.

கதீட்ரல் சாலையில் இருக்கும் செம்மொழிப் பூங்காவை எடுத்துக்கோங்க. 2010-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் அங்கே இருந்தது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். காரில் உட்கார்ந்தபடியே காபி குடித்துக்கொண்டு எத்தனையோ பேர் தங்கள் காதலைப் பேசித் தீர்த்த இடம். அண்ணா நகர் டவர் பூங்காவின் கோபுரம் 1968-ல் நடந்த வர்த்தகப் பொருட்காட்சிக்காகக் கட்டப்பட்டது. பல வருஷம் மேலே ஏற அனுமதி இல்லாமல் பூட்டிக் கிடந்தது. பாதுகாப்புக் கம்பிகள் போட்டு 2023-ல் மறுபடி திறந்தார்கள். மயிலாப்பூரில் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்கா. அங்கே காலையில் வாக்கிங் கோஷ்டியின் ராஜ்ஜியம். ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒரு குணம். உங்க இருவருக்கும் ஏதாவது ஒரு பழைய ஞாபகம் இருக்கும் பூங்காதான் சரியான பூங்கா. இன்ஸ்டாகிராமில் பார்த்த பூங்காவுக்கு இரண்டாவது இடம்தான்.

வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கேட்டீங்களா?

நியூயார்க் சென்ட்ரல் பார்க்தான் இந்த வகைப் படங்களுக்கு உலகத்தின் தலைநகரம். 843 ஏக்கர். ஏரிக்கு மேலே 'போ பிரிட்ஜ்' என்று 1862-ல் கட்டி முடித்த வார்ப்பிரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. உலகத்தில் அதிகம் பேர் மண்டியிட்ட பாலங்களில் அதுவும் ஒன்றாக இருக்கும். அங்கே விதி தெளிவு. கையில் பிடிக்கும் கேமராவோ, ட்ரைபாடோ வைத்துக்கொண்டு, யார் வழியையும் மறிக்காமல் படம் எடுத்தால் படப்பிடிப்பு அனுமதி தேவையில்லை. 20 பேர், அதற்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் பூங்கா நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். எது முடியும், எது முடியாது என்பதை வீட்டிலிருந்தே படித்துவிட்டுக் கிளம்பலாம்.

நம்ம ஊரில் விதி பெரும்பாலும் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. செல்போனில் நாள் முழுக்கப் படம் எடுக்கலாம். அதே படத்தைப் பெரிய கேமராவில் எடுத்தால் விசில் சத்தம் கேட்கும். தோட்டக்கலைத் துறை நடத்தும் பூங்கா, மாநகராட்சிப் பூங்கா என்று நிர்வாகமும் வேறு வேறு. சில இடத்தில் கேமராவுக்குத் தனிக் கட்டணம், சில இடத்தில் ஷூட்டிங்கே கூடாது. ஆகவே இரண்டு நாள் முன்னால் போய், அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லி, கட்டணம் இருந்தால் கட்டி, ரசீதை வாங்கிப் பையில் வைத்துக்கோங்க. வாட்ச்மேன் அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க. மண்டியிடும் நேரத்தில் 'தம்பி, புல்லு மேல உக்காரக் கூடாது' என்ற குரல் வராமல் இருக்க இதுதான் வழி. விஷயம் தெரிந்தால் பல வாட்ச்மேன்கள் உங்களுக்காகக் கூட்டத்தையே கொஞ்சம் ஒதுக்கிவிடுவார்கள்.

ட்ரோன் வேண்டாம். 2021 ட்ரோன் விதிகள் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கின்றன. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எந்த ட்ரோனும் பறக்கக் கூடாது. விமான நிலையம், ராணுவ இடங்கள், தூதரகங்கள் என்று நிறைந்த ஊரில் உங்க காதலுக்கு மேலே ஒரு போலீஸ் விசாரணை பறக்க வேண்டாம்.

பிப்ரவரி 14-ஐயும் தவிர்த்துவிடலாம். அன்றைக்குப் பூங்காவில் நாய்க்கும் கழுதைக்கும் கல்யாணம் செய்துவைத்துக் கேமராவைத் தேடும் அமைப்புகள் ஒரு பக்கம், அவர்களைத் தடுக்கும் போலீஸ் ஒரு பக்கம். அந்த ஃப்ரேமில் நீங்க எதற்கு?

லைட், லென்ஸ், கொசு

சரி, படத்துக்கு வருவோம். சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் முகத்துக்கு நல்ல வெளிச்சம். சென்னையில் டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஆறரை தாண்டும். மறைந்து பத்து நிமிஷத்தில் வெளிச்சம் போய்விடும், கொசு வந்துவிடும். மோதிரம் போடும் கையைக் கொசு கடிக்கும் படத்தைப் பார்த்து பத்து வருஷம் கழித்துச் சிரிக்கலாம், அன்றைக்குச் சிரிப்பு வராது.

மரத்தடி என்றாலே நிழல், நிழல் என்றாலே நல்லது என்று நினைக்காதீங்க. இலைகளின் இடைவெளியில் விழும் வெயில் முகத்தில் திட்டுத் திட்டாக விழும். ரொம்ப அடர்ந்த இலைக்குக் கீழே போனால் முகம் பச்சை பூத்துத் தெரியும். மரக்கூட்டம் முடிந்து வெட்டவெளி தொடங்கும் விளிம்புதான் சரியான இடம். ஒரு நாள் முன்னால், அதே நேரத்தில், ஒரு நண்பரை நிற்கவைத்து செல்போனிலேயே பார்த்துவிடுங்க.

போட்டோகிராபர் 25, 30 அடி தள்ளி நிற்கணும். அதற்கு 70-200 மாதிரியான நீளமான லென்ஸ் தேவை. முக்கியமாக, யாரிடம் கேட்கிறீர்களோ அவர் முகம் கேமராவுக்குத் தெரியணும். மண்டியிடுபவரின் முதுகும், எதிரே நிற்பவரின் முகமும் ஒரு கோணம். இருவரும் பக்கவாட்டில் தெரிவது இன்னொரு கோணம். கேமரா பக்கம் இருக்கும் முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள். தூக்கிய முழங்கால் உங்களை மறைக்காது. மோதிரப் பெட்டியை முகத்துக்கு நேராகத் தூக்காமல் நெஞ்சு உயரத்தில் பிடியுங்கள். பிறகு அவசரப்படாதீங்க. நிறைய பேர் மூன்று நொடியில் எழுந்துவிடுகிறார்கள். சொல்ல நினைத்ததை முழுசாகச் சொல்லுங்க. படமும் கிடைக்கும், உங்க ஆளுக்கு யோசிக்க நேரமும் கிடைக்கும்.

கேமராவில் சத்தமில்லா ஷட்டர் இருந்தால் அதைப் போடச் சொல்லுங்க. வேகம் 1/500 நொடிக்குக் குறையாமல், தொடர்ச்சியாக எடுக்கும் மோடில். நம்ம ஊருக்கென்றே ஒரு பிரச்னை உண்டு: ஏ.சி காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்க ஈரம் படியும். துடைத்தாலும் மறுபடி படியும். அரை மணி நேரம் முன்னாலேயே கேமராவை வெளிக்காற்றில் வைக்கணும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம் என்பதால் கூரை உள்ள ஒரு மண்டபத்தையும் பார்த்து வைத்துக்கோங்க.

இவ்வளவும் போட்டோகிராபருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் நீங்க தனியாகப் பேச வேண்டியது இரண்டு சைகைகள் பற்றி. ஒன்று, 'இப்போ ஆரம்பிக்கிறேன்' என்ற சைகை: கைக்கடிகாரத்தைத் தொடுவது, கைக்குட்டையை எடுப்பது மாதிரி. அது எல்லாருமே வைத்திருப்பார்கள். இரண்டாவது, 'கேமராவை இறக்குங்க' என்ற சைகை. அதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. உங்க ஆளின் முகம் வாடினால், கண்ணில் மிரட்சி தெரிந்தால், நீங்க தலையைக் கோதியதும் கேமரா இறங்கிவிடணும். அவர் ஒரு நடைப்பயிற்சிக்காரராக மாறி நடந்து போய்விடணும். எடுத்த படங்களை அங்கேயே அழித்துவிடணும். காசை மட்டும் முழுசாகக் கொடுத்துவிடுங்க, அவர் மேல் தப்பில்லை.

நண்பர்கள், குடும்பத்தினரை மரத்துக்குப் பின்னால் நிறுத்தாதீங்க. பக்கத்துத் தெருவில் ஒரு டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு, பதில் வந்த பிறகு போன் பண்ணிக் கூப்பிடுங்க. பதில் சொல்லும்போது அங்கே நீங்க இருவர் மட்டும் இருக்கணும். பிறகு வந்து சேரும் கூட்டம் மகிழ்ச்சிக்கான கூட்டம். முன்னாலேயே நிற்கும் கூட்டம் மறுபடியும் அந்தப் பெண் பார்க்கும் கூடம்தான்.

கேட்பவர் பெண்ணாக இருந்தாலும் இதெல்லாம் அப்படியே பொருந்தும். ஆணுக்கும் திகைப்பு வரும், யோசிக்க நேரம் வேண்டும். 'ஆம்பளைதானே, என்ன வந்தது' என்று விட்டுவிட முடியாது.

படம் யாருக்குப் போகிறது?

இனிதான் முக்கியமான இடம். 'சரி' என்று பதில் வந்துவிட்டது. மோதிரம் போட்டாச்சு. படம் அருமை. அடுத்த பத்து நிமிஷத்தில் அது ஸ்டேட்டஸில் ஏறுகிறது. இரண்டு குடும்பத்துக்கும் முன்பே தெரியும், சம்மதம் என்றால் பிரச்னை இல்லை. லைக்ஸ் வரும், அத்தை போன் பண்ணிக் கோபித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றால்? அந்தப் படம் உங்களை முந்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். நீங்க நிதானமாக, நல்ல நேரம் பார்த்து, அம்மாவிடம் முதலில், பிறகு அப்பாவிடம் என்று சொல்ல வேண்டிய செய்தி, சித்தப்பாவின் வாட்ஸ்அப் குரூப்பில் 'இது நம்ம பொண்ணுதானே?' என்ற கேள்வியோடு வந்து நிற்கும். சாதி வேறு, மதம் வேறு என்றால் அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பது இந்த மாநிலத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பேருந்து நிலையம் அருகே ஒரு இளம் தம்பதி வெட்டப்பட்டார்கள். கணவர் இறந்தார். அவர்கள் காதலை மட்டும் சொன்னவர்கள்கூட இல்லை, கல்யாணமே செய்துகொண்டவர்கள்.

இந்த ஆபத்தை உச்ச நீதிமன்றமே பேசியிருக்கிறது. அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அப்படிப்பட்ட திருமணத்தை ஊரறிய அறிவித்துத்தான் நடத்த வேண்டுமா என்ற கேள்வி வந்தபோது, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 'தேவையில்லை' என்றது. குடும்பத்தின் எதிர்ப்புக்கோ உயிருக்கோ பயந்து ஒரு ஜோடி பகிரங்கமாக அறிவிக்காமல் இருக்கலாம், அவர்களை அறிவிக்கச் சொல்வது அவர்களை ஆபத்தில் தள்ளும் என்பதுதான் அதன் சாரம். யோசித்துப் பாருங்க. அறிவிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்த ரகசியத்தை, நாம் ஒரு ரீலுக்காக முப்பது நொடியில் விட்டுவிடுகிறோம்.

அதற்காகப் படமே எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எடுங்க. ஆனா மூன்று விஷயங்களை முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க. ஒன்று, படம் முதலில் உங்க இருவர் கைக்கு மட்டும் வரணும். போட்டோகிராபர் தன் பக்கத்தில் விளம்பரத்துக்குப் போடக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கிக்கோங்க. இரண்டு, எப்போது, யாருக்குக் காட்டுவது என்பதில் இருவருக்கும் சம உரிமை. ஒருவர் 'இப்போ வேண்டாம்' என்றால் வேண்டாம். மூன்று, வீட்டுக்குச் செய்தி போனில் பேசியோ நேரிலோ போகட்டும், ஸ்டேட்டஸில் போக வேண்டாம்.

பின்னால் இருக்கும் பெஞ்ச்

கடைசியாக, உங்க படத்தில் இருக்கும் மற்றவர்கள். பூங்கா ஸ்டூடியோ இல்லை. சென்னையில் வீட்டில் பேச முடியாத, ஹோட்டலில் உட்காரக் காசில்லாத, மாலில் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று பயப்படும் நூறு ஜோடிகளுக்குக் கிடைத்த ஒரே இடம் அது. அங்கேயும் குடை பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். துப்பட்டாவில் பாதி முகம் தெரியும். அவர்களை விரட்டும் விசில்களும், செல்போனில் ஒளிந்து படம் எடுப்பவர்களும் ஏற்கெனவே போதும் போதும் என்று இருக்கிறார்கள்.

உங்க போட்டோகிராபர் ஒரு ஜோடியைக் குறிவைத்துத்தான் லென்ஸைத் திருப்புகிறார். ஆனா அந்த ஃப்ரேமுக்குப் பின்னால், பத்தடி தள்ளி ஒரு பெஞ்ச் இருக்கிறது. அதில் இருக்கும் இருவருக்கு உங்க ரீல் எப்போது, எந்த ஊரில், யார் போனில் ஓடும் என்று தெரியாது. உங்களுக்கு அது மங்கலான பின்னணி. அவர்கள் வீட்டில் யாராவது பார்த்தால் அதுதான் ஆதாரம்.

ஆகவே இடம் பார்க்கப் போகும் அன்று பெஞ்சுகள் எங்கே இருக்கின்றன என்றும் பாருங்க. சுவரோ, புதரோ, வேலியோ பின்னணியாக வரும்படி கோணத்தை மாற்றச் சொல்லுங்க. குழந்தைகள் விளையாடும் பக்கம் கேமரா திரும்ப வேண்டாம். எல்லாம் முடிந்து, படங்கள் கைக்கு வந்த பிறகு, ரொம்பப் பிடித்த படத்தை எடுத்து இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்க. உங்க முகத்தை முன்பே நூறு தடவை பார்த்திருப்பீங்க. இந்த முறை பின்னால் இருக்கும் முகங்களைப் பாருங்க. யாராவது தெரிந்தால், அந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் பிறகு போடுங்க. உங்களுக்கு அன்று கிடைத்த சந்தோஷத்துக்காக அவர்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கலாம்.